ரிஃபார்மர் இறக்குமதி: விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

பிலாட்டீஸ் ஸ்டூடியோ தொடங்கும் வாசகர்கள் சிலர், ரிஃபார்மர் (ஸ்பிரிங் இழுவையில் நகரும் பலகை உள்ள பயிற்சிப் படுக்கை) போன்ற கருவிகளை நேரடியாக வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வாங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை.

ஆறு ரிஃபார்மர் வாங்கப் போகிறேன். சீனாவின் ஷான்டாங் மாகாணத்துத் தொழிற்சாலை ஒன்று ‘எஃப்.ஓ.பி. சிங்தாவோ’ என்று விலை அனுப்பியிருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு ஆகும்?
– கோவை வாசகி

எஃப்.ஓ.பி. என்றால், சிங்தாவோ துறைமுகத்தில் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு தொழிற்சாலையின் பொறுப்பு முடிந்தது. கப்பல் கட்டணம், காப்பீடு, இங்கே இறக்கும் செலவு, சுங்க வரி, கஸ்டம்ஸ் புரோக்கர் கட்டணம், லாரி வாடகை எல்லாம் உங்கள் தலையில்தான்.

வரியை இன்வாய்ஸ் தொகைக்கு மட்டும் போட மாட்டார்கள். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்குத்தான் வரி. கப்பல் கட்டணத்துக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தையும், காப்பீட்டுக்கு 1.125 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்கிட விதி இருக்கிறது. உண்மைக் கட்டணம் இதைவிடக் குறைவாக இருந்தால் வீணாக வரி கட்டுவீர்கள். ஆகவே கப்பல் கட்டண (ஃப்ரைட்) பில்லையும் காப்பீட்டுச் சான்றையும் முன்கூட்டியே புரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள்.

உடற்பயிற்சிக் கருவிகள் 9506 91 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் வருகின்றன. முதலில் அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இவை எல்லாம் சேர்ந்த தொகைக்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) கணக்கு புரிவதற்காக அடிப்படை வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு வரி 10,000, கூடுதல் வரி 1,000. பிறகு 1,11,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 19,980. ஆக மொத்தம் 30,980 ரூபாய். அடிப்படை வரி விகிதம் பட்ஜெட்டில் மாறும். ஆர்டர் கொடுத்த நாளின் விகிதம் செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத் துறைக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கலாகும் நாளின் விகிதமே செல்லும் (கப்பல் வருமுன் தாக்கல் செய்தால், கப்பல் வந்த நாளின் விகிதம்). ஜனவரியில் ஆர்டர் கொடுத்து மார்ச்சில் சரக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஐ.ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னும் பலர் கணக்குப் போடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சி நிலையங்களின் சேவை வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்ற நிபந்தனையோடு. ஆகவே ஸ்டூடியோவுக்கு வாங்கும் ரிஃபார்மர் மேல் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி. முழுவதும் செலவுதான். பழைய கணக்கை வைத்து வங்கிக் கடன் கேட்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கன அளவு. ஒரு ரிஃபார்மர் பெட்டி சுமார் 2.4 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்றால் 0.72 கன மீட்டர். ஆறுக்கு 4.32. சிட்டிங் பாக்ஸ், ஜம்ப் போர்டு ஆகிய துணைக்கருவிகளையும் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். ஆகவே பிறர் சரக்கோடு பங்குபோடும் எல்.சி.எல். முறைதான் உங்களுக்கு. அதில் கப்பல் கட்டணத்தைக் குறைவாகக் காட்டிவிட்டு, இங்கே சரக்கைப் பிரித்துத் தரும் இடத்தில் கன மீட்டருக்கு இவ்வளவு என்று பெரிய பில் நீட்டுவது சகஜம். ‘டெஸ்டினேஷன் சார்ஜ்’ முழுவதையும் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கோவைக்குச் சென்னையைவிட கொச்சி அருகில். மூன்று துறைமுகங்களுக்கும் (தூத்துக்குடியும் சேர்த்து) விலை கேளுங்கள்.

எல்.சி.எல்.லில் உங்கள் பெட்டி மேல் வேறொருவரின் சரக்கை ஏற்றுவார்கள். வெறும் அட்டைப்பெட்டி தாங்காது, மரக்கூடு கேளுங்கள். கூட்டின் மரம் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச மரப் பொதிவு விதிப்படி பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்: வெப்ப முறையில் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்.டி.’ (வெப்ப முறை) எழுத்தும் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத மரம் வந்தால் தாவர நோய்த்தடுப்பு அலுவலகத்தில் சரக்கு நிற்கும். கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

‘வரி உட்பட வீட்டு வாசலில் டெலிவரி, நீங்கள் எந்தக் காகிதமும் தர வேண்டாம்’ என்கிறார் ஒரு விற்பனையாளர். விலையும் குறைவு. வாங்கலாமா?
– சென்னை வாசகர்

வேண்டாம். உங்களிடம் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) எண் கேட்காமல் சரக்கு வருகிறது என்றால், வேறு யாரோ ஒருவரின் பெயரில், பெரும்பாலும் குறைத்துக் காட்டிய மதிப்பில் அது இறங்குகிறது என்று பொருள். உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி இருக்காது. சோதனைக்கு வந்தால் வரி கட்டியதற்குச் சான்று காட்ட முடியாது. நாளை ஸ்டூடியோவை விற்கும்போதும் கருவிகள் கணக்கில் ஏறியிருக்காது.

ஐ.இ.சி. வாங்குவது பெரிய வேலை இல்லை. டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் – ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் அது செயலிழந்துவிடும். கூடவே வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் குறியீடு)ச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்யுங்கள். சரக்கு கடலில் இருக்கும்போது இதைத் தொடங்கினால் நேரம் போதாது: கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும், தாமதித்தால் நாள் கணக்கில் அபராதக் கட்டணம்.

பணம் அனுப்புவது வங்கி வழியாக, நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும். 30 சதவீதம் முன்பணம், சரக்கு தயாரான பிறகு மீதி என்பது வழக்கம். இரண்டாம் தவணை நேரத்தில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் தொலைபேசியில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கப்பலில் ஏற்றுமுன் எதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்? உதிரி பாகம் எவ்வளவு வாங்கி வைப்பது?
– திருச்சி வாசகி

மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. ரிஃபார்மரில் உயிர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. மரமோ அலுமினியமோ, சட்டம் பல ஆண்டு நிற்கும். ஸ்பிரிங் தேயும், அறுந்தால் ஆளைக் காயப்படுத்தும்.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தில் சிவப்பு முழு எடை (இழுவிசை), நீலம் பாதி, மஞ்சள் கால். இன்னொரு நிறுவனத்தில் அதே நிறத்துக்கு வேறு எடை. வீடியோ அழைப்பில் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஒரே தூரம், உதாரணமாக 40 செ.மீ., நீட்டி, தொங்கு தராசில் காட்டச் சொல்லுங்கள். ஒரே நிறத்து ஸ்பிரிங்குகள் ஏறக்குறைய ஒரே எடை காட்ட வேண்டும். பிறகு தளர்வாக விட்டுப் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ மடிப்பு இருந்தாலோ அது வேண்டாம். முறிவு பெரும்பாலும் முனை வளையத்தில்தான் தொடங்கும். கொக்கி சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள்.

அடுத்து சட்டம். குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுநாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் சட்டம் கோணல். கேரேஜ் (ஆள் படுக்கும் நகரும் பலகை) ஒரு பக்கம் இறுகும். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, காலி கேரேஜை ஒரு விரலால் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கடகடவென்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால் ஏதோ ஒரு சக்கரம் பழுது. ஒரே இடத்தில் மட்டும் சத்தம் வந்தால் தண்டவாளத்தில் பிசிறு.

உதிரி பாகத்தை ஆர்டரோடு சேர்த்தே வாங்குங்கள். பிறகு ஒரே ஒரு ஸ்பிரிங்கைக் கூரியரில் வரவழைத்தால், ஸ்பிரிங் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகும். மறுபடி சுங்கமும் உண்டு. கொக்கியும் நீளமும் வேறுபடுவதால் மற்றொரு நிறுவனத்து ஸ்பிரிங்கை மாட்ட முடியாது. ஆறு கருவிக்கு முழு ஸ்பிரிங் தொகுப்பு இரண்டு, கயிறு மூன்று ஜோடி, கேரேஜ் சக்கரம் ஒரு தொகுப்பு, ஃபுட்பார் (கால் வைக்கும் கம்பி) பூட்டும் பின் இரண்டு வைத்துக்கொள்ளலாம். தினமும் வகுப்பு நடக்கும் ஸ்டூடியோவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றுவது பாதுகாப்பு. கடற்கரை ஊர் என்றால் துருவுக்காக அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

‘பிலாட்டீஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்த யாரிடமாவது அனுமதி வேண்டுமா? பிரபல நிறுவனத்தின் லோகோ போட்டே அனுப்புகிறேன் என்கிறார்களே?
– புதுச்சேரி வாசகி

அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்று அமெரிக்க நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. லோகோ விஷயம் வேறு. பதிவு பெற்ற வணிக முத்திரையைப் போலியாகப் போட்ட சரக்கைச் சுங்கத் துறை நிறுத்திவைக்க, 2007-ஆம் ஆண்டு விதிகள் அதிகாரம் தருகின்றன. லோகோ இல்லாமல் வாங்குங்கள்.

பெட்டி நசுங்கி வந்தால் என்ன செய்வது?
– மதுரை வாசகர்

கிடங்கிலேயே, லாரியில் ஏற்றுமுன், நான்கு பக்கமும் படம் எடுங்கள். டெலிவரி ரசீதில் சேதத்தை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, அவர்களின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பெட்டியையும் உள்ளே வைத்த தெர்மாகோலையும் எறியாமல் வையுங்கள். காப்பீடு எடுக்கும்போதே எல்லா ஆபத்துகளையும் உள்ளடக்கும் ‘ஏ’ வகை கேளுங்கள். குறைந்த பிரீமிய வகைகளில் பெட்டி கையாளும்போது ஏற்படும் நசுங்கலுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

மாடியில் ஸ்டூடியோ என்றால், ஆர்டருக்கு முன்பே லிஃப்டின் உயரத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். 2.4 மீட்டர் பெட்டி பெரும்பாலான குடியிருப்பு லிஃப்ட்களில் நுழையாது. சட்டத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் மாடல் இருக்கிறதா என்று அப்போதே கேட்கலாம்.