நகக்கண்ணில் சேறு – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். போன வாரம் ஒரு த்ரில்லர் நாவல் படித்து முடித்தேன். அமானுஷ்யம் கலந்த சீரியல் கில்லர் கதை. (என் நண்பர்கள் இன்னும் படிக்கவில்லை, பதில் போட்டால் தயவுசெய்து பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.) ஆறு கொலைகள். மொட்டை மாடி, பரண், நூலகம் என்று எல்லாமே தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத இடங்கள். ஆனால் செத்தவர்கள் எல்லோரும் ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் போல இருக்கிறார்கள். விசாரிக்கிற பெண் அதிகாரி ஒவ்வொரு துப்பாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். நானும் ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் கொலையின்போது யார் எங்கே இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டே படித்தேன். இரண்டு இரவு சரியான தூக்கம் இல்லை.

முந்நூறாவது பக்கத்தில் எல்லாம் போயிற்று. எப்போதோ ஆற்றில் அமுக்கிக் கொல்லப்பட்ட ஒருவனின் ஆவிதான் கொலைகாரனாம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் உடம்புக்குள் புகுந்துகொண்டு கொல்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நண்பர் ஒருவரிடம் புலம்பினால், “பேய்க் கதையில் போய் லாஜிக் பார்க்கிறாயே” என்று சிரிக்கிறார். இது ஏமாற்று வேலையா, இல்லை எனக்குத்தான் இந்த மாதிரிக் கதை படிக்கத் தெரியவில்லையா?

ம.

அன்புள்ள ம.,

பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் கொடுத்த அடையாளங்களே போதும், நானும் அதைப் படித்தவன்தான். உங்கள் கோபம் நியாயம், ஆனால் தப்பான ஆள் மேல் கோபப்படுகிறீர்கள். பேய் என்ன செய்யும் பாவம்.

முதலில் அந்த நண்பர் விஷயம். பேய்க் கதையில் லாஜிக் பார்க்கக்கூடாது என்பது, பேய்க் கதையே அதிகம் படிக்காதவர்கள் சொல்வது. சாதாரணக் கொலைக் கதையில் எழுத்தாளருக்கு ஒரு வசதி உண்டு: மனிதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று நமக்கே தெரியும், அவர் சொல்ல வேண்டியதில்லை. பேய் வந்துவிட்டால் அதை அவர்தான் சொல்லியாக வேண்டும். 1897-இல் வந்த ‘டிராகுலா’வை எடுத்துக்கொள்ளுங்கள், பிராம் ஸ்டோக்கர் எழுதியது. அந்தப் பிரபு ஓநாயாவார், வௌவாலாவார், மூடுபனியாகக் கதவிடுக்கில் நுழைவார். ஆனால் வீட்டில் உள்ள யாராவது ஒருவர் முதல் தடவை உள்ளே வா என்று சொல்லாமல் படி ஏற முடியாது, ஓடும் தண்ணீரை நினைத்த நேரத்தில் தாண்ட முடியாது, சொந்த மண் நிரம்பிய பெட்டியில்தான் போய் அடங்க வேண்டும். இங்கிலாந்துக்கு வரும்போது அப்படி ஐம்பது பெட்டிகளைக் கொண்டுவருகிறார். துரத்துகிறவர்கள் மந்திரம் போட்டு அவரைக் கண்டுபிடிப்பதில்லை. பெட்டி சுமந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்துப் பேச வைத்து, எந்த வீட்டில் எத்தனை இறக்கினாய் என்று கணக்கெடுக்கிறார்கள். கடைசியில் நாற்பத்தொன்பது கிடைத்துவிடுகிறது, ஒன்று மட்டும் இல்லை. அந்த ஒரு பெட்டியை நினைத்துத்தான் நமக்குக் குலை நடுங்குகிறது. அத்தனை அமானுஷ்யத்துக்கு நடுவே கதையை ஓட்டுவது பார்சல் ஆபீஸ் கணக்கு!

சரி, உங்கள் பக்கம் பேசவும் ஆள் இருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார், அமானுஷ்ய சக்திகளுக்கு இடமே கிடையாது என்பது அதில் இரண்டாவது. (ஒரு கதையில் ஒரு ரகசிய அறைக்கு மேல் கூடாது என்பது மூன்றாவது, அந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) வேடிக்கை என்னவென்றால் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கண்ணுக்குத் தெரியாததை நம்புவதே தொழிலாக உள்ளவர், கதையில் மட்டும் அது கூடாது என்கிறார். வாசகர் கையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார், அவர் கணக்குப் போட முடியாத ஒன்றைக் கடைசியில் கொண்டுவராதே என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த விதியை மீறியும் நேர்மையாக எழுத முடியும். ஸ்டீஃபன் கிங்கின் ‘தி அவுட்சைடர்’ 2018-இல் வந்தது. ஒரு கொலை, அந்த இடத்தில் ஒருவரின் கைரேகையும் டிஎன்ஏவும் கிடைக்கின்றன. அதே நேரத்தில் அவர் வேறோர் ஊரில் ஆசிரியர்கள் மாநாட்டில் உட்கார்ந்திருந்ததற்கு வீடியோவே இருக்கிறது. இரண்டும் உண்மை. பேய் என்ற சொல் வருவதற்கு வெகுமுன்பே, நடக்க முடியாத ஒன்று நடந்திருக்கிறது என்று ஆசிரியர் சாட்சியங்களை நம் முன்னால் பரப்பி வைத்துவிடுகிறார். அப்புறம் எது வந்தாலும் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல நமக்கு வழி இல்லை.

உங்கள் நாவலும் பாதிக் கிணறு சரியாகத்தான் தாண்டியது. அந்த டயட்டம் பரிசோதனை வருகிற அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? டயட்டம் என்பது தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி, அதன் ஓடு கண்ணாடி மாதிரி சிலிக்காவால் ஆனது. உயிரோடு ஒருவர் மூழ்கினால் நுரையீரலுக்குள் போகும் தண்ணீரிலிருந்து அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்ச் சேரும். செத்த பிறகு தூக்கிப் போட்ட உடம்பில் இதயம் ஓடாது, அதனால் அவ்வளவு தூரம் போக வழியில்லை. ஆய்வகத்தில் மஜ்ஜையை அமிலத்தில் கரைப்பார்கள், சதை எல்லாம் கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும், அதை எந்தத் தண்ணீரில் உள்ள ஓடுகளோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். (இந்தப் பரிசோதனையை முழுசாக நம்பலாமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அது வேறு கதை.) பரணில் செத்துக் கிடந்தவரின் தொடை எலும்பில் ஆற்றுப் பாசி. அந்த அறிக்கையை அதிகாரி இரண்டாவது தடவை படிக்கும்போது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆக, பேய் அப்போதே வந்துவிட்டது, முந்நூறாவது பக்கத்தில் அல்ல.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். மூன்றாவது கொலையைச் செய்கிற அந்தக் கணக்கர். காலையில் எழுந்து பல் தேய்க்கிறார், பிரஷ்ஷைப் பிடித்திருக்கிற கையைக் கண்ணாடியில் பார்க்கிறார், நகக்கண்ணில் கறுப்பாகச் சேறு. முந்தைய இரவு வீட்டை விட்டு வெளியே போன ஞாபகமே இல்லை. பற்பசை நுரையோடு வாயைத் திறந்தபடியே நின்று ஒரு ஊசியால் ஒவ்வொரு விரலாகச் சுரண்டி எடுக்கிறார், அப்புறம் அதைக் கழுவி விடாமல், ஏனென்று அவருக்கே தெரியாமல், ஒரு துண்டுத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அந்த மொத்த நாவலில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்யப் போகிறார்? போலீசுக்குப் போவாரா, எரிப்பாரா, மனைவியிடம் காட்டுவாரா?

ஒன்றும் இல்லை. ஆவி விஷயம் வெளிவந்ததும் இரண்டே வரியில் அவரை விட்டுவிடுகிறார்கள், அவர் மேல் தப்பில்லை, அது அவர் இல்லை, அவ்வளவுதான். தாள் பொட்டலம் சட்டைப்பையிலேயே போய்விட்டது. ஆறு பேரின் கைகள் கொன்றிருக்கின்றன, அந்த ஆறு பேரும் அந்தக் கைகளால்தான் இனிமேல் சாப்பிட வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். அதை எழுதுவது கஷ்டம், ஆவியை விரட்டுவது சுலபம், ஆசிரியர் சுலபமானதைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் ஏமாந்ததாக நினைப்பது இந்த இடத்தில்தான் என்பது என் ஊகம்.

இதே வேலையை ஒழுங்காகச் செய்த நாவல் ஒன்று உண்டு, லாரன் பியூக்ஸ் எழுதிய ‘தி ஷைனிங் கேர்ள்ஸ்’, 2013. 1930-களின் சிகாகோவில் ஒருவன் கையில் ஒரு வீடு சிக்குகிறது, அதன் கதவைத் திறந்தால் வேறு வேறு வருடங்களுக்குள் போய் இறங்கலாம், அவன் அப்படிப் போய்ப் பெண்களைக் கொல்கிறான். வீடு அமானுஷ்யம், சரி. ஆனால் கத்தி அவன் கையில் இருக்கிறது, வீட்டைக் காட்டி யாரும் அவனை மன்னித்து அனுப்புவதில்லை. சாகப் போகிற பெண்களில் ஒருத்தி கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவளுடைய வேலை, அலுப்பு எல்லாம் நமக்குத் தெரிந்த பிறகுதான் அவன் வருகிறான். உங்கள் நாவலில் செத்த ஆறு பேரில் யாருக்காவது என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். நூலகத்தில் செத்தவர் நூலகராகத்தான் இருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், திரும்பப் பார்த்தால் அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று, நானும் ஒரு காலத்தில் இந்த மாதிரி ஒரு நாவலைத் தொடங்கி பன்னிரண்டு அத்தியாயம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். என் பேய்க்கு எல்லாமே முடிந்தது, சுவரைத் தாண்டியது, மனதைப் படித்தது, அதனால் அது ஏன் முதல் அத்தியாயத்திலேயே எல்லோரையும் கொன்றுவிட்டுப் போகவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் நிறுத்திவிட்டேன். அதனால் இந்த ஆசிரியரை ரொம்பவும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக ஒரு உதவி. அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஐந்து கொலைகளுக்கும் எல்லோரும் எங்கே இருந்தார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆறாவது கொலை நடந்த இரவு மட்டும், பதினொரு மணியிலிருந்து விடிகிற வரைக்கும் அந்தப் பெண் அதிகாரி எங்கே இருந்தார் என்று இரண்டு தடவை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அத்தியாயத்தில் அவர் கையுறையோடுதான் வருகிறார். நீங்கள் குறித்து வைத்திருந்தால் பக்க எண்ணைப் போட்டு எழுதுங்கள்.