இங்கிலாந்தில் கூட்டமில்லாத, வரலாறு உள்ள சின்ன ஊர் எது? என் பதில்: வாலிங்ஃபோர்ட்

லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் பார்த்தாகிவிட்டது, சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்காத ஒரு சின்ன ஊர் வேண்டும், ஆனால் பார்க்க விஷயமும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்லும் பெயர் வாலிங்ஃபோர்ட். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ரெடிங்குக்கும் நடுவில், தேம்ஸ் கரையில் இருக்கிறது. ரெடிங்கில் இருப்பவன் என்பதால் எனக்குப் பக்கம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் நான் முதலில் அழைத்துப் போவது இங்கேதான்.

முதலில் கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். நேராக கைன்கிராஃப்ட் என்ற புல்வெளிக்குப் போங்கள். அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண்மேடு நீளமாக ஓடும். அதை ஒட்டி வெளிப்பக்கம் பள்ளம். குழந்தைகள் அதில் ஏறி உருண்டு விளையாடுவார்கள், நாயோடு நடப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது ஒன்பதாம் நூற்றாண்டு மதில். வைக்கிங் படைகளைத் தடுக்க ஆல்ஃபிரட் மன்னர் தன் நாட்டில் அடுக்கடுக்காக அரண் ஊர்களை அமைத்தபோது எழுப்பியது. ஆற்றை ஒரு பக்கக் காவலாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பக்கமும் மண் மதிலும் அகழியும். அந்த மூன்று பக்கங்களிலுமே மதிலின் பகுதிகள் இன்னும் நிற்கின்றன.

இந்த அரண் ஊர்களைப் பற்றி பத்தாம் நூற்றாண்டு ஆவணம் ஒன்று இருக்கிறது. எந்த ஊர் மதிலைக் காக்க எத்தனை நிலப் பங்குகள் ஆள் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். வாலிங்ஃபோர்டுக்கு 2400. தலைநகர் போலிருந்த வின்செஸ்டருக்கும் அதே 2400. ஒரு பங்குக்கு ஓர் ஆள், சுமார் 5 மீட்டர் மதிலுக்கு 4 ஆட்கள் என்பது கணக்கு. பெருக்கிப் பாருங்கள், 3 கிலோமீட்டர் வரும். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய ஊர் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அப்படியானால் இன்றைக்கு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? எனக்கு இந்த ஊரில் பிடித்த கேள்வியே அதுதான்.

தேம்ஸை இறங்கிக் கடக்க வசதியான துறை என்பதுதான் இதன் பலம். 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற வில்லியமால் லண்டன் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. மேற்கே சுற்றி வந்து இங்கேதான் ஆற்றைக் கடந்தார். கேன்டர்பரி பேராயர் ஸ்டிகண்ட் அவரிடம் பணிந்ததும் இங்கேதான். அடுத்த சில வருடங்களில் ஊரின் வடகிழக்கு மூலையில் கோட்டை எழும்பியது. அதற்காக 8 வீட்டு மனைகள் அழிக்கப்பட்டதை வில்லியம் நடத்திய 1086 நிலக் கணக்கெடுப்பு மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

கோட்டையின் கதையில் எல்லாவற்றையும்விட விறுவிறுப்பானது பேரரசி மட்டில்டாவின் தப்பித்தல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவருக்கும் ஸ்டீஃபன் மன்னருக்கும் அரியணைச் சண்டை. 1142 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டையில் முற்றுகையில் மாட்டிக்கொண்ட மட்டில்டா, பனியோடு பனியாகத் தெரிவதற்காக வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, இரவில் சில வீரர்களோடு வெளியேறி, உறைந்த ஆற்றின் மேல் நடந்து தப்பினார். வந்து சேர்ந்த இடம் வாலிங்ஃபோர்ட். அந்தச் சண்டை முழுக்க இந்தக் கோட்டை அவர் பக்கமே நின்றது. 1153-ல் சமாதானப் பேச்சு நடந்ததும் இங்கேதான்: ஸ்டீஃபன் சாகும்வரை மன்னர், பிறகு மட்டில்டாவின் மகன் ஹென்றி. அரியணை ஏறிய ஹென்றி நன்றி மறக்கவில்லை. 1155-ல் ஊருக்கு உரிமைச் சாசனம் கொடுத்தார்.

அதற்கப்புறம் சரிவு. 1349-ல் கொள்ளைநோய். 1416-ல் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் ஊரில் நல்ல பாலம் கட்டப்பட்டதும் வணிகப் போக்குவரத்து அந்தப் பக்கம் போய்விட்டது. பெரிய கோட்டை இருந்தும் கடைத்தெரு காய்ந்தது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்புக்காகக் கடைசிவரை தாக்குப்பிடித்து 1646 ஜூலையில் கோட்டை சரணடைந்தது. இனி எவரும் பயன்படுத்தக் கூடாது என்று 1652-ல் இடித்துத் தள்ளினார்கள். இப்போது புல் மூடிய மேடுகளும், நடுநடுவே முறிந்து நிற்கும் சில சுவர்களும்தான் மிச்சம். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனால் இந்தச் சரிவுதான் ஊரைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். செழித்து வளர்ந்திருந்தால் மதிலை மட்டமாக்கி, அகழியைத் தூர்த்து, மேலே தெருத்தெருவாகக் கட்டியிருப்பார்கள். வளராததால் ஆல்ஃபிரட் காலத்து அமைப்பு அப்படியே கிடக்கிறது. குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு முக்கியத் தெருக்கள், அவை பிரிக்கும் நான்கு கட்டங்கள். இன்றைய வரைபடத்திலேயே அதைக் கண்ணால் பார்க்கலாம்.

பாலத்துக்கு அவசியம் போங்கள், ஆனால் மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கரையில் இறங்கி வளைவுகளைப் பாருங்கள். சில கூர்மையாக முடியும், அவை இடைக்காலத்தவை. நடுவில் சில அரைவட்டமாக, அகலமாக இருக்கும். 1809 வெள்ளத்தில் சேதமானதை மாற்றிக் கட்டியவை. 1646 முற்றுகையின்போது நான்கு வளைவுகளை எடுத்துவிட்டுத் தூக்குப்பாலம் போட்டிருந்தார்கள். இத்தனை அடி வாங்கியும் வண்டிகள் இன்றைக்கும் இதன் மேல்தான் போகின்றன.

ஆற்றோரத்தில் செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் கோபுரம் வித்தியாசமானது. கல்லில் ஜன்னல் ஜன்னலாகத் துளைத்து, வெளிச்சம் ஊடுருவும்படி கட்டியது. கீழே அடக்கமாகியிருப்பவர் நீதிபதி வில்லியம் பிளாக்ஸ்டோன். 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக அவர் எழுதிய ஆங்கிலச் சட்ட விளக்கம் பல தலைமுறை வக்கீல்களுக்குப் பாடம். ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடப் பத்துக் குற்றவாளிகள் தப்பிப்பது மேல் என்று அதில் எழுதியிருக்கிறார். நம் சினிமா நீதிமன்றங்களில் அந்தப் பத்து ஆயிரமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது.

சந்தைத் திடலில் 1670-ல் கட்டிய நகர மண்டபம் தூண்கள் மேல் நிற்கும், கீழ்த்தளம் திறந்த வெளி. வெள்ளிக்கிழமை போனால் சந்தையும் பார்க்கலாம். அருகிலேயே பழைய தானியச் சந்தைக் கட்டடம், இப்போது நாடக அரங்கம். அதை நடத்தும் உள்ளூர் நாடகக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி. 1934-ல் ஊரின் தென்கோடியில் வின்டர்புரூக் வீட்டை வாங்கினார், 1976-ல் அங்கேயே இறந்தார். கைன்கிராஃப்ட் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. கல்லறை இங்கே இல்லை, பக்கத்துக் கிராமமான சோல்ஸியில்.

வழி சுலபம். ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங் இரண்டிலிருந்தும் பஸ் உண்டு. லண்டனிலிருந்து ரயிலில் வந்தால் சோல்ஸியில் இறங்க வேண்டும், வாலிங்ஃபோர்டுக்கான கிளைப்பாதையில் வழக்கமான பயணிகள் ரயில் 1959-லேயே நின்றுவிட்டது. ஆர்வலர்கள் சில வார இறுதிகளில் பழைய ரயில் ஓட்டுகிறார்கள், தேதி பார்த்துக் கிளம்புங்கள். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், அதனால் வசந்தத்திலோ கோடையிலோ போவது நல்லது. சோல்ஸியில்தான் இறங்குகிறீர்கள் என்றால் அகதா கிறிஸ்டி கல்லறையை முதலிலேயே பார்த்துவிட்டு வாருங்கள், நேரம் மிச்சம்.