ஆபீஸ்ல தேங்கிப்போன கம்ப்யூட்டரை என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்க தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஒரு அக்கவுண்டிங் ஆபீஸ் நடத்துறோம். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னு போனதால எல்லா மெஷினையும் மாத்திட்டோம். இப்போ ஸ்டோர் ரூம் பூரா பழைய டவர், மானிட்டர், ஒரு பெரிய காப்பியர், மூட்டை மூட்டையா கேபிள்னு கெடக்கு. பக்கி (பிக்கப்) வண்டி வச்சிருக்கிற ஸ்கிராப்காரர் ஒருத்தர் "எல்லாத்தையும் ஒரே லோடுல அள்ளிக்கிறேன், கையில காசும் தர்றேன்"ங்கிறார். குடுத்துடலாமா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அப்படியே குடுத்துடாதீங்க தம்பி. அவர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, அவரோட பொழப்பு அது. ஆனா அந்த வண்டில ஏறுறது வெறும் இரும்பு மட்டும் இல்லையே, உங்க கிட்ட கணக்கு பார்க்க வந்தவங்களோட ஐடி நம்பர், சம்பளம், பேங்க் அக்கவுண்ட், சம்பள வரி சர்டிஃபிகேட்டான ஐஆர்பி5 எல்லாம் சேர்ந்துதான் ஏறுது. உங்களை நம்பி குடுத்த விவரம் அது. தனிநபர் தகவலைப் பாதுகாக்கிற பொப்பியா சட்டத்தை 2021 ஜூலை 1-லேருந்து எல்லாரும் கட்டாயம் கடைப்பிடிக்கணும், வச்சிருக்க காரணம் முடிஞ்ச தகவலை மறுபடி படிக்கவே முடியாத மாதிரி அழிக்கணும்னு அதோட 14-ஆவது பிரிவு சொல்லுது, அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரைக்கும் போகலாம். யாரோ ஒருத்தர் கையில அந்த டிஸ்க் மாட்டிக்கிச்சுன்னா நீங்க இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கிற அரசு ரெகுலேட்டருக்கும் சொல்லணும், கஸ்டமருக்கும் சொல்லணும். அக்கவுண்டன்ட் ஆபீஸ்லேருந்து அப்படி ஒரு லெட்டர் போச்சுன்னா அப்புறம் யாரு உங்க வாசப்படி ஏறுவாங்க?

அதுக்காக அவசரப்பட்டு அழிச்சிடவும் கூடாது. வரி அலுவலகமான சார்ஸுக்கு 5 வருஷம், கம்பெனி சட்டத்துக்கு 7 வருஷம்னு ரெக்கார்ட் வச்சிருக்கணும்ல, அதனால மொதல்ல வேண்டியதை பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் திறக்குதான்னு ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் அழிங்க. சும்மா ஃபார்மேட் பண்ணா போதாது, க்விக் ஃபார்மேட்ல ஃபைல் லிஸ்ட்தான் போகுது, ஃபைல் உள்ளயே இருக்கும். சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க்னா மொத்தத்தையும் ஒரு தடவை மேலெழுதுற சாஃப்ட்வேர் ஓட்டினாலே போதும். சுத்துற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கிற எஸ்எஸ்டி அப்படி இல்ல, அதுக்கு அதைத் தயாரிச்ச கம்பெனியோட செக்யூர் எரேஸ் டூல்தான் சரி. ட்ரில் போட்டு ஓட்டை போடுறேன்னு சிலர் கிளம்புவாங்க, எஸ்எஸ்டியைத் திறந்து பார்த்தா நகம் அளவு கறுப்பு சிப் பல எடத்துல ஒட்டியிருக்கும், நீங்க போட்ட ஓட்டை ஒண்ணுல பட்டு மத்ததெல்லாம் முழுசா இருந்தா என்ன பிரயோஜனம்? ஓடவே ஓடாத டிஸ்கை ஷ்ரெட்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்து தூளாக்கிடுங்க.

எல்லாரும் மறக்குறது அந்த காப்பியரைத்தான். பெரிய ஆபீஸ் காப்பியர் நெறைய மாடல்ல உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. நீங்க ஸ்கேன் பண்ண ஐடி புக்கு, பேஸ்லிப் எல்லாம் அதுல தங்கியிருக்கலாம். வாடகை மெஷினா இருந்தா திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி டேட்டாவை அழிச்சதுக்கு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க.

இப்போ சாமான் எங்க போகணும்ங்கிறதுக்கு வர்றேன். குப்பைல போடவே முடியாது, 2021 ஆகஸ்ட் 23-லேருந்து நம்ம நாட்டுல மின்கழிவை குப்பைக் கிடங்குல கொட்டத் தடை இருக்கு. கேபிளை கண்டவங்க கையில விட்டா சில எடத்துல என்ன நடக்குதுன்னா, உள்ள இருக்கிற செம்புக்காக வெட்டவெளில போட்டு கொளுத்துறாங்க, மேல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சு கறுப்பா ஒரு புகை கெளம்பும், அது கொளுத்துறவருக்கும் விஷம், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கும் விஷம். பழைய எல்சிடி மானிட்டர்ல ஸ்கிரீனுக்குப் பின்னாடி மெல்லிசா ட்யூப் இருக்கும், அதுல பாதரசம், ஒடைச்சா வெளிய வந்துடும். பெட்டி மானிட்டரா இருந்தா கண்ணாடில ஈயம். கிளேர் எஸ்டேட்ல நம்ம ஜனங்க பிசாசர் ரோடு குப்பைக் கிடங்கு பக்கத்துல எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணாங்கன்னு டர்பன்காரங்களுக்கு நான் சொல்லணுமா, நம்ம கழிவு இன்னொருத்தர் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாதுன்னு நமக்குத்தான் மொதல்ல தோணணும்.

அதனால லைசென்ஸ் உள்ள ரீசைக்ளரைக் கூப்பிடுங்க. லைசென்ஸ் காப்பி கேளுங்க, ஒவ்வொரு மெஷினோட சீரியல் நம்பரும் போட்ட டிஸ்போசல் சர்டிஃபிகேட் கேளுங்க, டேட்டாவையும் அவங்களே அழிக்கிறதா இருந்தா அதுக்கு தனி அக்ரிமென்ட் எழுதிக்கோங்க, பொப்பியா அதையும் கேக்குது. சர்க்யூட் போர்ட் கடைசில எங்க போகுதுன்னும் கேளுங்க. வெளிநாட்டுக்கு அனுப்பினா 2025 ஜனவரி 1-லேருந்து அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புறதைக் கட்டுப்படுத்துற பேசல் ஒப்பந்தப்படி அந்த நாட்டோட முன் அனுமதி இல்லாம எந்த மின்கழிவும் போகக் கூடாது. பதில் சொல்ல மழுப்புறவங்ககிட்ட குடுக்காதீங்க, கொஞ்சம் சார்ஜ் பண்ணாலும் ஒழுங்கா பேப்பர் குடுக்குறவங்களே மேல். நல்லா ஓடுற லேப்டாப்பை மட்டும், டிஸ்கை அழிச்சிட்டு, செகண்ட் ஹேண்ட் கடைல விக்கிறது வேற விஷயம். அந்தக் கடை போலீஸ்ல பதிவு பண்ணதாங்கிறதை மட்டும் பாருங்க, செகண்ட் ஹேண்ட் சாமானுக்கான 2009-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

கேள்வி: எங்க கோயில் தமிழ் வகுப்புக்கு ஒரு கம்பெனி பழைய கம்ப்யூட்டர் தர்றேன்னு சொல்லுது அக்கா. வாங்கிக்கலாமா? – ஒரு ஆசிரியை, ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமா வாங்குங்கம்மா. ஒரு மெஷினை ஒடைச்சு உருக்குறதை விட இன்னும் சில வருஷம் ஓட்டுறதுதான் எப்பவுமே நல்லது. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, பவர் கேபிள், கீபோர்டு, மவுஸ் எல்லாம் கூடவே வரணும். ஓடாததை "தானம்"னு உங்க தலைல கட்டினா நாளைக்கு அதைக் கழிக்கிற செலவு கோயிலுக்குத்தான் வரும், அது தர்மமே இல்ல. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்ல லினக்ஸ் போடுங்க, தமிழ் டைப்பிங், ப்ரவுசர், வீடியோ எல்லாத்துக்கும் அது போதும். உங்க அமைப்புக்கு நன்கொடைக்கு வரிச் சலுகை தர்ற 18ஏ அங்கீகாரம் இருந்தா அந்தக் கம்பெனிக்கு ரசீது குடுக்கலாம், வரி விதிக்கிற வருமானத்துல 10 சதவீதம் வரை அவங்க கழிச்சுக்கலாம். இதைச் சொன்னா நல்ல மெஷினாவே தருவாங்க.

கேள்வி: லோட் ஷெட்டிங் (கரண்ட் கட்) நேரத்துல வாங்கின யூபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் செத்துப்போச்சு. என்ன பண்ண? – கடைக்காரர், டோங்காட்

பதில்: லெட் ஆசிட்னா பேட்டரி கடைலயே திரும்ப எடுத்துக்குவாங்க, ஈயத்துக்கு நல்ல மதிப்பு இருக்கு. சாய்க்காம நிமிர்த்தி வச்சே எடுத்துட்டுப் போங்க. லித்தியம்னா முனைல டேப் ஒட்டி, ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா வைங்க. உப்பிப்போனது இருந்தா அதை கட்டடத்துக்குள்ள வைக்கவே வேண்டாம், அட்டைப்பெட்டி பேப்பர் எதுவும் பக்கத்துல இல்லாம வெளிய நிழல்ல மணல் போட்ட இரும்பு வாளில வச்சிட்டு, லித்தியம் எடுக்கிற ரீசைக்ளருக்கு அன்னைக்கே போன் பண்ணிடுங்க.