முட்டை மட்டை முதலையும் ஆகஸ்ட் விடுமுறையும்

கேள்வி: வணக்கம் டீச்சர். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளைக் கீழ் மண்டபத்தில் கூட்டி, கதையும் கைவேலையுமாக ஏதாவது செய்ய ஆசை. ஐந்து முதல் ஒன்பது வயது வரை பத்துப் பேர் வருவார்கள். பாதிப் பேர் ஆங்கில மொழிமூலம் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. எங்கே தொடங்குவது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வாசிக்க வராத அந்தப் பாதிப் பேரை வைத்தே தொடங்குங்கள். மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

முதல் நாள் குரங்கும் முதலையும் கதையைச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கதை முடிந்த பிறகுதான் கைவேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் முதல் வருடம் நான் முகமூடிகளை முன்கூட்டியே வெட்டி வைத்து, அவற்றோடு தொடங்கினேன். பிள்ளைகள் நிறம் தீட்டினார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் கதை நினைவில்லை. எனக்கு மிகவும் கவலையாகப் போய்விட்டது.

முதலைக்கு முட்டை அடுக்கும் மட்டையே போதும். நீளமாக வெட்டிக் கவிழ்த்தால் மேடு மேடாக முதலையின் முதுகு வந்துவிடும். பசையை நீங்களே காய்ச்சுங்கள்: கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு கோப்பை. அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும்.

கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகளின் வாய் சும்மா இருக்காது. அப்போது ஒரு கட்டுக் காகிதத் துண்டோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். “உன்ர முதலை என்ன சொல்லுது?” என்று கேளுங்கள். என் விறாந்தையில் ஆறு வயதுப் பையன் ஒருவன், “நான் குரங்கைச் சாப்பிட மாட்டன், எனக்கு நாவல்பழம்தான் விருப்பம்” என்றான். அப்படியே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘மாட்டன்’ என்பதை ‘மாட்டேன்’ என்று திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள். தான் சொன்னது என்பதால் அந்த வசனம் அவனுக்கு மனப்பாடம். விரலை வைத்து ஓட்டினான், எழுத்து பின்னால் வந்தது. மறுநாள் அதே துண்டைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப்போட்டேன். ‘குரங்கை’ எது என்று அவனே தேடி எடுத்தான். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் மாட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அவரவர் பெயரில் உள்ள எழுத்து முதலில் வரட்டும். அப்புறம் பழைய வீரகேசரித் தலைப்புகளில் அந்த எழுத்தைத் தேடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

எட்டு, ஒன்பது வயதுக்காரருக்கு இது சலிக்கும். அவர்களைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்ட வையுங்கள். புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து, கதையின் முடிவில் நாலு கேள்வி கொடுங்கள் என்று தாய்மார் கேட்பார்கள். தயவுசெய்து மறுத்துவிடுங்கள். விடுமுறையிலும் இன்னொரு டியூஷன் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாள், காலையில் ஒன்றரை மணித்தியாலம் சரி. முஸ்லிம் பிள்ளைகளும் வருவதானால் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள்.

புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் பக்கத்தில், 57ஆம் ஒழுங்கையில்தான் இருக்கிறது, அங்கே நூலகமும் உண்டு. ஒருநாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொரு நாள் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே, 1925 முதல் இயங்கும் கொழும்பு பொது நூலகத்துக்கும் போகலாம். இத்தனை புத்தகங்களை ஒரே இடத்தில் பார்ப்பதே சின்னவர்களுக்கு ஒரு கதைதான்.

முதல் நாள் பிள்ளைகள் சொன்ன வசனங்களில் ஒன்றிரண்டை எனக்கும் எழுதி அனுப்புங்கள். ஆவலோடு காத்திருக்கிறேன்.