சேர்வராயன் மலையும் நிலத்தடி நீர் எல்லையும்: கேள்வி பதில்

ஓமலூர் மாணவி: உயரத் தரவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுச் சேர்வராயன் மலையின் நீர்ப்பிடிப்பு எல்லை எடுத்துவிட்டேன். இதையே நிலத்தடிப் படுகை எல்லை என்று கொடுக்கலாமா?

வேண்டாம். நீங்கள் எடுத்தது மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்கிற கோடு. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்கு, வாணியாறு தென்பெண்ணைக்கு என்பதுவரை அது சரி. அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மேலே சிதைந்த மண்ணில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தின் சரிவையே ஒட்டிப் போகும். ஆழத்துப் பாறை வெடிப்பில் ஓடும் தண்ணீருக்கு நீங்கள் வரைந்த முகட்டுக் கோடு தெரியாது. ஒரு பக்கம் பம்பு ஓட்டிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர் இரு பக்கமாகப் பிரியும் முகடும் நகரும்.

அதனால் கோட்டின் இரு பக்கமும் திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே வாரத்தில் அளந்துவிடுங்கள். போர்வெல் நீர் ஆழத்தையும் திறந்த கிணற்று நீர்மட்டத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மோட்டார் ஓடும்போது அளக்காதீர்கள். நிலம் 312 மீட்டர் உயரம், சுற்றுச்சுவர் விளிம்பிலிருந்து தண்ணீர் 14 மீட்டர் ஆழம், சுவர் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 298.9. சுவரை மறந்தால் 298. சமவெளியில் அந்த 0.9 போதும், தண்ணீர் எதிர்ப்பக்கம் போவதாக வரைபடம் காட்டும். நில உயரத்தைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து எடுத்தால் இன்னும் மோசம், அதில் சில மீட்டர் பிழை சாதாரணம்.

எடப்பாடி: சரிவு வரைபடம் முழுக்க 90 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டுகிறது.

கிடை அளவு டிகிரியில், உயரம் மீட்டரில். இரண்டும் மீட்டரில் வர யூடிஎம் என்ற ஆள்கூற்று முறைக்கு மாற்றுங்கள். நம் சேலம் மாவட்டத்துக்குக் குறுக்கே 78 டிகிரி தீர்க்கரேகை போகிறது. நீங்களும் மேட்டூரும் 43ஆம் மண்டலம், சேலமும் ஆத்தூரும் 44. முழு மாவட்டத்துக்கும் 44 ஒன்றையே பிடியுங்கள்.

வாழப்பாடி: என் காட்டில் போர் எங்கே போடலாம்?

எல்லை வரைபடம் இடம் சொல்லாது. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளப்பவரை அழையுங்கள்.

குப்பனூர்: ஏற்காடு ஏரித் தண்ணீர்தான் எங்கள் போருக்கு வருகிறது. தேங்காய் வைத்துப் பார்த்தவர் சொன்னார்.

ஏரிக்கும் உங்கள் காட்டுக்கும் ஆயிரம் மீட்டருக்குக் கிட்ட உயர வித்தியாசம். வெடிப்பு நேராகக் குழாய்போல வந்திருந்தால் அந்த அழுத்தத்துக்குப் போர் மூடி எகிறியிருக்கும். அடிவாரத்தில் ஓடை கொண்டுவந்து கொட்டிய மண்ணில் இறங்கும் மழைதான் உங்களுக்குத் தண்ணீர்.

சேலம்: குறுக்கே டைக் (பாறை வெடிப்பில் ஏறி உறைந்த சுவர்போன்ற கரும்பாறை) இருந்தால் ஏரி என்ன, எதுவும் வராதே?

எல்லா டைக்கும் அணை இல்லை. கருப்புக் குண்டுக்கற்கள் வரிசையாகத் தெரிகிற இடம் அது. உடையாமல் இருந்தால் மேட்டுப்பக்கம் தண்ணீரைத் தேக்கும். வெடித்திருந்தால் அதுவே வழி. படத்தில் கோடு தெரிந்ததும் ‘எல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இரு பக்கமும் நீர்மட்டம் பார்க்காமல் எழுதாதீர்கள்.

குப்பனூர்: அப்படி ஒரு கல் வரிசைக்கு என் கிணறு மேட்டுப்பக்கம், அண்ணன் கிணறு பள்ளத்துப்பக்கம். அவருக்குத்தான் தண்ணீர் அதிகம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! இரண்டையும் அளந்து அனுப்புங்கள்.

மாணவி: பிர்கா (வருவாய் உள்வட்டம்) எல்லையைப் போட்டால் வேலை முடியுமே?

அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடு முன்பு பிர்கா வாரியாகத்தான் நடந்தது, 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பகுதியைக் கழித்துவிட்டு. அது கணக்குக்கான எல்லை, தண்ணீருடையது அல்ல.

அயோத்தியாப்பட்டணம்: போர் எங்கே போடலாம்?

வாழப்பாடிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

குப்பனூர்: அளந்தேன். தண்ணீர் ஆழம் என்னது 38 அடி, அண்ணனது 21.

சுற்றுச்சுவரைக் கழித்தீர்களா?