சிக்னலில் மட்டும் அணையும் எஞ்சின்: பம்பை மாற்றும் முன்

உங்கள் கார் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, சூடானதும் சிக்னலில் நின்றால் சில நேரம் அணைகிறது, சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். பெட்ரோல் பம்பை மாற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பம்ப் பலவீனமானால் பெரும்பாலும் மேடு ஏறும்போதுதான் முதலில் திணறும். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் திறந்து பாருங்கள், பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அதன் தகட்டின் விளிம்பில் கரி படிந்து ஐடிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை) போகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் அடைத்துவிடும், அந்தக் காற்றைச் சரிசெய்யும் ஐடில் கன்ட்ரோல் வால்வும் அதே கரியில்தான் சிக்கிக்கொள்ளும். ஏசி போட்டதும் அணைந்தால் இந்தக் கரி மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். சுத்தம் செய்தும் தீரவில்லையா? அப்புறம் வேக்குவம் ஹோஸ்களை (எஞ்சினோடு இணைந்த மெல்லிய ரப்பர் குழாய்கள்) விரலால் வளைத்து வெடிப்பு தேடுங்கள், சும்மா பார்த்தால் தெரியாது (நான் ஒரு முறை இரண்டு வாரம் ஏமாந்தேன்). அணையும்போது எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் தடுமாறாமல் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் மட்டும் கதை வேறு, முதலில் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.