மெல்வில் ஆய்வுக்கு எந்தத் திறனாய்வு நூல்கள், எந்த வரிசையில்?

கேள்வி: முதுகலை ஆங்கிலம் முடித்துவிட்டு, அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் குறித்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். நெறியாளர் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு திறனாய்வு நூல்கள் உள்ளன. அனைத்தையும் வாங்க வசதி இல்லை. எவற்றை முதலில் படிப்பது? 1923, 1941 ஆண்டுகளில் வெளிவந்த நூல்கள் இன்றும் பயன்படுமா? ‘மோபி டிக்’ நாவலைப் படிப்பதற்கு முன்பே அதைப் பற்றிய விமர்சனங்களைப் படித்துவிடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விமர்சனத்தை முன்பே படித்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்திச் செல்லும் கப்பலின் கதையை 135 அத்தியாயங்களிலும் ஒரு பின்னுரையிலும் சொல்லும் அந்த நாவலை ஒரு முறை முழுமையாகப் படித்து, உங்களை இழுத்த இடங்களையும் சலிப்பூட்டிய இடங்களையும் குறித்து வைத்துக்கொண்ட பிறகே திறனாய்வாளர்களிடம் செல்லுங்கள். அவ்வாறு செல்லும்போது, புதிய நூல்களிலிருந்து பழையவற்றை நோக்கிப் போகாமல், வெளிவந்த ஆண்டு வரிசையில் படிப்பதே சிறந்தது. பின்னால் வந்தவர்கள் முன்னால் எழுதியவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்பதால், பதிலை மட்டும் படித்தால் கேள்வி விளங்காது. பழைய நூல்கள் பயன்படுமா என்ற ஐயத்திற்கும் இதுவே என் விடை.

எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். இந்த நாவல் 1851 அக்டோபரில் லண்டனில் ‘தி வேல்’ என்ற பெயரில் வெளிவந்தபோது பின்னுரை விடுபட்டுப்போயிற்று. கப்பலில் இருந்த அனைவரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொல்பவன் யார் என்று ஆங்கில மதிப்புரையாளர்கள் குறை கூறினார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில், கதைசொல்லியான இஷ்மேல் உயிர்தப்பியதைச் சொல்லும் அந்தப் பின்னுரை இருந்தது. பதிப்புப் பிழை பெரிய அறிஞரையும் தடுமாற வைக்கும் என்பதற்கு, கீழே நான் பேசப்போகும் அமெரிக்கத் திறனாய்வாளர் மத்தீசனே சான்று. மெல்வில்லின் ‘ஒயிட் ஜாக்கெட்’ நாவலில், கப்பலின் உயரத்திலிருந்து கடலில் விழும் ஒருவனைக் கடலின் ‘அழுக்கேறிய மீன்’ (soiled fish) ஒன்று உரசிச் செல்வதாகத் தம் கையிலிருந்த பதிப்பில் படித்த அவர், இத்தகைய உவமை மெல்வில் ஒருவருக்கே கைவரும் என்று வியந்து எழுதினார். உண்மையில் மெல்வில் எழுதியது ‘சுருண்ட மீன்’ (coiled fish). ஒரே ஓர் எழுத்து அச்சில் மாறிவிட்டது. 1949இல் ஜான் நிக்கல் என்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். ஆகவே, கிடைக்கும் மலிவுப் பதிப்பை வைத்து ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவது ஆபத்து. ஹெர்ஷல் பார்க்கர் பதிப்பித்த நார்ட்டன் திறனாய்வுப் பதிப்பை வாங்கிவிடுங்கள். செம்மையான மூலத்துடன், அக்கால மதிப்புரைகளும் தேர்ந்தெடுத்த கட்டுரைகளும் அதில் சேர்ந்தே வருகின்றன.

அடுத்து, டி. எச். லாரன்ஸ் எழுதி 1923இல் வெளிவந்த ‘ஸ்டடீஸ் இன் கிளாசிக் அமெரிக்கன் லிட்டரேச்சர்’. இதில் மெல்வில்லுக்கு இரண்டு இயல்கள் உள்ளன. அடிக்குறிப்போ சான்றாதாரமோ இல்லாமல், வாசகருடன் சண்டைக்கு நிற்பதுபோல் எழுதப்பட்ட நூல் இது. இன்றைய ஆய்வு நெறிகளின்படி பார்த்தால் தேறாது. ஆனால் வெள்ளைத் திமிங்கிலத்தை வெள்ளையினத்தின் ஆழ்ந்த உயிர்ப்பாகவும், அதைத் துரத்துவதை அந்த இனத்தின் அறிவு தன்னையே வேட்டையாடுவதாகவும் காணும் துணிவு அவருக்குத்தான் வந்தது. மெல்வில் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்து, 1920களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றுடன் சேர்த்து இந்நூலைப் படியுங்கள்.

எஃப். ஓ. மத்தீசனின் ‘அமெரிக்கன் ரினைசான்ஸ்’ 1941இல் வந்தது. 600 பக்கங்களைத் தாண்டும் இந்த நூலை முதலிலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படிக்க முயன்று பலர் கைவிட்டிருக்கிறார்கள். நீங்கள் மெல்வில் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். கப்பல் தலைவன் ஏகப் பேசும் உரைநடையை வரி வரியாக உடைத்து, கவிதைபோல் அடுக்கி, அதற்குள் ஷேக்ஸ்பியரின் யாப்பு ஒலிப்பதை அவர் காட்டும் இடம் திறனாய்வுக்கே ஒரு பாடம். மெல்வில் ஷேக்ஸ்பியரை எப்படிப் படித்தார் என்பதை அவருடைய சொந்தப் பிரதிகளிலிருந்து துருவி ஆராய்ந்த சார்லஸ் ஓல்சனின் ‘கால் மீ இஷ்மேல்’ (1947) சிறிய நூல்தான். இதனுடன் சேர்த்துப் படிக்கலாம்.

மத்தீசனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் என்ற ஐவரையும், 1850 முதல் 1855 வரையிலான காலத்தையும் மையமாக வைத்து அவர் அமெரிக்க இலக்கியத்தின் மறுமலர்ச்சியை வரையறுத்தார். அதே ஆண்டுகளுக்குள்தான் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852) வெளிவந்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸின் இரண்டாவது தன்வரலாறும் 1855இல்தான் வந்தது. இருவருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இந்த விடுபாட்டைக் கேள்வியாக்கிய ஜேன் டாம்கின்ஸின் ‘சென்சேஷனல் டிசைன்ஸ்’ (1985) நூலில், ஹாதார்னின் புகழ் எத்தகைய மனிதர்களாலும் நிறுவனங்களாலும் கட்டப்பட்டது என்பதை ஆராயும் இயலையாவது படித்துவிடுங்கள். மெல்வில்லின் புகழுக்கும் அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்க உங்களுக்கே தோன்றும்.

உங்கள் பட்டியலில் சி. எல். ஆர். ஜேம்ஸின் ‘மரைனர்ஸ், ரெனிகேட்ஸ் அண்ட் காஸ்ட்அவேஸ்’ (1953) இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். டிரினிடாட்டில் பிறந்த ஜேம்ஸ், நாடு கடத்தப்படும் அச்சுறுத்தலுடன் நியூயார்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவில் அடைத்து வைக்கப்பட்டிருந்தபோது இதை எழுதினார். மற்றவர்கள் ஏகப்பையும் இஷ்மேலையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பல நாடுகளிலிருந்து வந்து உழைக்கும் மாலுமிகளைப் பார்த்தார். ஏகப்பிடம் இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரியைக் கண்டார். தம் சிறை அனுபவத்தைச் சொல்லும் இறுதி இயல் சில மறுபதிப்புகளில் விடுபட்டிருக்கிறது. 2001இல் வந்த முழுப் பதிப்பைத் தேடிப் பெறுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய ‘அன்ஸ்பீக்கபிள் திங்ஸ் அன்ஸ்போக்கன்’ என்ற உரை உங்கள் ஆய்வுக்கு இன்றியமையாதது. திமிங்கிலத்தின் வெண்மையைப் பேசும் 42ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளை நிறம் ஒரு கருத்தியலாக இறுகிய காலத்தை மெல்வில் கண்டுகொண்டார் என்று அவர் வாதிடுகிறார். நாவல் வெளிவந்த அதே 1851இல், மெல்வில்லின் மாமனாரான நீதிபதி லெமுவெல் ஷா, தப்பி வந்த அடிமையான தாமஸ் சிம்ஸை விடுவிக்க மறுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வாதத்தைப் படித்தால் அதன் வலு புரியும். 100 பக்கங்களுக்குள் அடங்கும் அவருடைய ‘பிளேயிங் இன் தி டார்க்’ (1992) மெல்வில்லை மையமாகக் கொண்டதல்ல. எனினும் வாசிக்கும் முறையைக் கற்பதற்காக அதைச் சொந்தமாகவே வாங்குங்கள். ஹெமிங்வேயின் நாவல் ஒன்றில் படகைச் செலுத்தும் கறுப்பினத்தவர்தான் பறக்கும் மீன்களை முதலில் காண்கிறார். இயல்பாக அவர் குரல் கொடுத்திருக்க வேண்டும். ஹெமிங்வேயோ, அவர் கண்டுவிட்டார் என்பதைப் படகுத் தலைவன் கண்டான் என்று வாக்கியத்தை வளைத்து எழுதுகிறார். ஒரு மனிதருக்குப் பேச்சை மறுப்பதற்காக இலக்கணமே கோணிப்போவதை மாரிசன் அந்த ஒரு வாக்கியத்தில் காட்டிவிடுகிறார்.

வாழ்க்கை வரலாறு வேண்டுமென்றால், பார்க்கரின் இரண்டு பெருந்தொகுதிகளை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ரூ டெல்பாங்கோ 2005இல் எழுதிய ஒரே தொகுதி இப்போதைக்குப் போதும். லெஸ்லி ஃபீட்லரின் ‘லவ் அண்ட் டெத் இன் தி அமெரிக்கன் நாவல்’ (1960) உங்களை ஈர்க்கும். ஆனால் அது எல்லா நாவல்களையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கிவிடுவதால், உங்களுக்கென்று ஒரு கருத்து உருவான பிறகு படியுங்கள். நார்ட்டன் பதிப்பு, ‘பிளேயிங் இன் தி டார்க்’, ஜேம்ஸ் ஆகிய மூன்றை வாங்கினால் போதும். மற்றவற்றை இரவல் பெறலாம்.

படிக்கும்போது ஒரு குறிப்பேட்டில் நாவலின் அத்தியாய எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு திறனாய்வாளரும் எந்த அத்தியாயத்திலிருந்து மேற்கோள் எடுக்கிறார் என்பதை எதிரே குறித்து வாருங்கள். ஒரே பகுதியைப் பலரும் எடுத்தாண்டிருந்தால், அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். யாருமே தொடாத அத்தியாயங்கள் எஞ்சினால், முதல் வாசிப்பில் அவற்றைப் பற்றி நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் செல்லுங்கள். ஆய்வுத் தலைப்பைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.